ஜோடி பார்ப்பவர்

கத்தரிக்கோலை விரலில் மாட்டியபடியே அடுத்த துண்டைத் தேடுகிறார். குரோமோசோம்களைக் கணினியே ஜோடி சேர்த்துத் திரையில் காட்டிவிடும். இவருக்கு அது போதாது. படத்தை அச்செடுத்து, ஒவ்வொன்றாக வெட்டி, மேசையில் இரண்டிரண்டாகப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் மின்விசிறியைப் போட்டவர் தொலைந்தார். பரிசோதனைக்கூடத்தில் அவருக்கு ஜோடியக்கா என்று பெயர்.

வீட்டிலும் இதே கதைதான். கொடியில் காலுறை ஒற்றையாகத் தொங்கினால் உங்கக்காவுக்குச் சோறு இறங்காது என்று, கூடத்துக்கு மைக்ரோஸ்கோப் பழுதுபார்க்கப் போகும் என்னிடம் அவர் கணவர் முறையிட்டிருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் இருபது செல்களை எண்ணிவிட்டு, எல்லாவற்றிலும் நாற்பத்தாறு, குறையில்லை என்று எழுதிவிட்டாள். "எண்ணினது சரிடி. ஜோடி பாத்தியா?" என்றார் அக்கா. வெட்டி அடுக்கியபோது மூன்றாம் ஜோடியில் ஒன்று குட்டையாக இருந்தது. பதினொன்றாம் ஜோடியில் ஒன்று நீண்டிருந்தது. இரண்டும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன.

அது மூன்று கருவை இழந்த ஒரு தம்பதியில் கணவனின் ரத்தம். அதுவரை பழியெல்லாம் மனைவி மேல்தான். படத்தை வைத்து விளக்கச் சொல்லி மருத்துவர் இருவரையும் அக்காவிடம் அனுப்பினார்.

தனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே என்றான் கணவன்.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க தம்பி. எதுவும் குறையல, இடம்தான் மாறியிருக்கு. ரத்தம், தோல் எங்க பாத்தாலும் ஜோடி ஜோடியா இருக்கிறதால கணக்கு சரியாயிடுது. விந்தணுவுக்கு ஜோடிக்கு ஒண்ணுதான் போகும், மொத்தம் இருபத்திமூணு. கருமுட்டைக்கும் அப்படித்தான். மாறின ரெண்டுல ஒண்ணு மட்டும் போயிட்டா, பிள்ளைக்கு ஒரு துண்டு கூடிடும், ஒரு துண்டு குறைஞ்சிடும்."

அவன் தலை குனிந்தது. மனைவி அவன் பக்கம் திரும்பவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எப்பவும் இப்படித்தானாக்கா?"

"இல்லம்மா. மாறின ரெண்டும் சேர்ந்தே போகலாம். மாறாத ரெண்டும் போகலாம். அப்படிப் போனா இதால பிள்ளைக்குக் கெடுதல் வராது. எது போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கருவுல பாத்துதான் சொல்லணும்."

ஒரு வருடம் கழித்து அந்த மனைவி மறுபடி கருவுற்றிருக்க, அவளுடைய பனிக்குட நீர் பரிசோதனைக்கு வந்தது. அதிலிருந்த பிள்ளையின் செல்கள் வளர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அக்கா யாரோடும் வம்புக்குப் போகவில்லை. அதைக் கண்டு கூடமே பயந்துகிடந்தது.

நான் லென்ஸ் துடைக்கப் போயிருந்த காலையில் மேசையில் இருபத்துமூன்று ஜோடிகள் கிடந்தன. மூன்றாம் ஜோடியிலும் பதினொன்றாம் ஜோடியிலும் இரண்டிரண்டும் அளவெடுத்ததுபோல் ஒத்திருந்தன. புதியவளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். அவளும் குறையில்லை என்றாள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மருத்துவருக்கு அனுப்பினார்.

பிறகு கண்ணாடித் தகட்டை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.