சனிக்கிழமைக் குமிழ்கள்

இரும்பில் குரோம் ஏற்றுகிறவன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போவான். பிளாஸ்டிக்கில் குரோம் ஏற்றுகிறவன் வேலை முடிந்த பிறகுதான் பயப்பட ஆரம்பிப்பான். பளபளவென்று ஒரு சாமானைச் செய்து கொடுத்துவிட்டு, அது எப்போது திரும்பி வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், சொல்கிறேன்.

அறுபதுகளில், பம்பாய் தாராவியில் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி சுந்தரம் சார் மாதுங்காக்காரர், கெமிஸ்ட்ரி படித்தவர். அவரிடம் நானும் வேலுவும் வேலை பார்த்தோம். இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம். பித்தளைக்குத் தட்டுப்பாடு என்பதால் காரின் ஹார்ன் பட்டன், ஜன்னல் கைப்பிடியின் குமிழ் எல்லாம் பிளாஸ்டிக்கில் வர ஆரம்பித்திருந்தன. அவை உலோகம் மாதிரி மின்ன வேண்டும். வேலு ஒவ்வொன்றையும் கல்பொடி போட்டுத் தேய்த்துக் கழுவித் தருவான். நான் அதைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவேன். பிறகு கண்ணாடிக்கு ரசம் பூசுகிற மாதிரி வெள்ளிக் கரைசலில் ஒரு முக்கு. அந்த வெள்ளிப் படலத்தைப் பிடித்துக்கொண்டுதான் செம்பும் நிக்கலும் கடைசியில் குரோமும் ஏறும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வேலு கைநாட்டு. வேலைக்கு வந்ததைப் பதிகிற ஹாஜிரிப் புத்தகம் என் பொறுப்பு. தினமும் காலையில் வேலு அதில் கட்டைவிரலை அமுக்குவான், கருப்பாக ஒரு திட்டு விழும். "விரலை ஒழுங்கா வைக்கக்கூடத் தெரியலையாடா?" என்று தினமும் கிண்டல் செய்வேன். அவன் சிரித்துக்கொண்டே விரலை வேட்டியில் துடைப்பான்.

சர்தார்ஜியின் பொட்டலம்

டாக்ஸி ஓட்டும் சர்தார்ஜி ஒருவர் ஹார்ன் பட்டனுக்குக் குரோம் ஏற்றிக்கொண்டு போனார். முகம் பார்த்துத் தலைப்பாகையைச் சரிசெய்துகொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. மே மாதம். கொண்டுபோன பத்தாவது நாள், கொட்டகை வாசலில் அதே டாக்ஸி வந்து நின்றது. ஹார்ன் அடிக்காமல் நின்றதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஆள் ஆறடி. உள்ளே வந்து, செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை என் முன்னால் வைத்துப் பிரித்தார். குரோம் தோல் மட்டும் முழுசாக, புளியம்பழ ஓடு மாதிரி கழன்று கிடந்தது. வெயிலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்து ஹார்னை அமுக்கியதும் அது கையோடு வந்துவிட்டது. அடி விழப்போகிறது என்று நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். அவர் அடிக்கவில்லை. இந்தியில், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "பட்டன் என்னுது, அது வண்டியில இருக்கு. தோல் நீ செஞ்சது, நீயே வச்சுக்கோ."

மறந்துபோன ஜாடி

வெள்ளிக் கரைசலை அன்றன்றைக்குச் சாயங்காலம் கொட்டிவிட வேண்டும். ராத்திரி தங்கினால் கருப்பாக ஏடு கட்டும். அப்புறம் தொட்டாலே வெடிக்கலாம். கொட்டுவது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மறந்துவிட்டேன்.

மறுநாள் நான் வந்தது தாமதம். சனிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். ஊரை விட்டு வந்தாலும் நல்லெண்ணெயை விடவில்லை. நான் குடியிருந்த சால் என்கிற வரிசை வீட்டில் குழாய்த் தண்ணீர் அரைமணி நேரம்தான் வரும். சீயக்காய் பாதி தேய்ப்பதற்குள் நின்றுவிடும். மிச்சத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தால், சாரும் வேலுவும் கொட்டகைக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே அலமாரியில் ஜாடி. வாயைச் சுற்றிக் கருப்பு வளையம். "நேத்து யார் கொட்டணும்?" என்றார் சார், வெளுத்துப்போன முகத்தோடு. நான் முன்னால் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

வேலுவுக்குத் தெரியும், ஆனால் என்னைக் கை காட்டவில்லை. மூங்கில் கழியில் டால்டா டப்பா ஒன்றைக் கட்டினான். சார் சொன்னபடி உப்புத் தண்ணீரை எடுத்து, கதவுக்குப் பின்னால் நின்று, சொட்டுச் சொட்டாக ஜாடியில் விட ஆரம்பித்தான். கால்மணி நேரம். பக்கத்துக் கொட்டகையில் யாரோ தகரத்தைத் தட்டினார்கள், எனக்கு உயிரே போய்வந்தது. அவன் மட்டும் சொட்டு விடுவதை நிறுத்தவில்லை. எல்லாம் வெள்ளைக் கசடாக அடங்கிய பிறகு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தான். என் பக்கத்தில் வந்து, சாருக்குக் கேட்காமல் சொன்னான்: "அண்ணாச்சி, அடுத்த வாட்டி மறக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டு மறங்க."

வெந்நீரும் ஐஸும்

செம்பூரில் கார் சாமான் செய்யும் ஒரு கம்பெனி, சோதனைக்கு இருநூறு குமிழ் கேட்டது. தேறினால் மாதாமாதம் வேலை. தேறாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று சார் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். டாக்ஸிக்காரர்களை நம்பி மூன்று குடும்பம் சாப்பிட முடியாது.

கம்பெனியின் இன்ஸ்பெக்டர் ஒரு மராட்டியர், அளந்து பேசுகிறவர். குமிழைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். எடுத்து ஐஸில் போட்டார். துடைத்து, மேலே ஒட்டுத்தாளை அழுத்தி, சரக்கென்று இழுத்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும். ஐந்து குமிழ் தேறியது. ஆறாவதில், வெந்நீரிலேயே, கொப்புளம் ஒன்று கண் முன்னால் எழுந்தது. சார் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைக்காமல் மறுபடி பையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளினார்: "கார் ஓடப்போறது பம்பாய் வெயில்ல, என் மேஜை மேல இல்லை. இன்னொரு தடவை கொண்டு வாங்க."

கூரை மேல் சோதனை

நான் துப்பறிய இறங்கினேன். அன்றன்றைக்குச் செய்த குமிழில் கிழமை எழுதிய சீட்டைக் கட்டி, கொட்டகையின் தகரக் கூரையில் வெயிலில் வைத்தேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், மருந்தைச் சந்தேகப்பட்டோம், ஒன்றும் அகப்படவில்லை. நான்கு வாரம் கழித்து விடை கிடைத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை செய்ததெல்லாம் கல் மாதிரி இருந்தது. கொப்புளம் கண்டதெல்லாம் சனிக்கிழமைக் குமிழ்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன்: சனிக்கிழமை சீக்கிரம் போகிற அவசரத்தில் வேலு சரியாகத் தேய்ப்பதில்லை. ஜாடியை நான் மறந்தபோது காட்டிக்கொடுக்காதவன் அவன் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. சார் யோசித்தார். இரண்டாவது பெட்டி போக வேண்டிய நேரம். வேலுவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வேலு சாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்: "நான் தேய்க்கவே இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். சனிக்கிழமை மட்டும் தேய்க்கலன்னு சொல்லுதீயளே, அது எப்படி அண்ணாச்சி?"

யாருடைய விரல்

வேலு தேய்த்து நான் கட்டிய குமிழ்களில், எண்ணிக்கை போதாததால் சனிக்கிழமையில் செய்ததையும் சேர்த்து, கொப்புளம் காணாதவற்றைப் பொறுக்கி இரண்டாவது பெட்டியை நிரப்பினோம். செம்பூருக்குப் போன நாளும் ஒரு சனிக்கிழமைதான். வெந்நீர், ஐஸ், ஒட்டுத்தாள். பதினொன்று தேறியது. பன்னிரண்டாவதில் தோல் தாளோடு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் போடவில்லை. உள்பக்கத்தைத் திருப்பி, பூதக்கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். செம்பின் மேல், சுழி சுழியாக, ஒரு கட்டைவிரல் ரேகை. "கிஸ்கா அங்கூட்டா ஹை?" என்றார். யாருடைய விரல் என்று கேட்கிறார்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள விரல் தொட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது. ரப்பர் உறை போட்டால் கம்பி முடிச்சு வராதென்று வெறுங்கையால் கட்டுகிறவன் நான். பயத்தில் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, மேஜைக் கண்ணாடியில் கையை ஊன்றினேன். எடுத்தபோது, கண்ணாடியில் அதே சுழி. நல்லெண்ணெய்ச் சுழி. சட்டைக் கையால் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். கல்பொடியிலேயே ஊறித் தேய்ந்த வேலுவின் விரலில் ரேகையே கிடையாது. ஹாஜிரிப் புத்தகத்தில் தினமும் அந்தத் திட்டைப் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"அந்த ஆளை அனுப்பியாச்சு, ஸார்," என்று சுந்தரம் சார் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் தோலை ஒரு காகிதத்தில் மடித்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்தார்: "அப்படின்னா கடைசியா ஒரு தடவை தர்றேன். ஆனா இந்த விரல் உள்ளே வரக்கூடாது."

பஸ் ஸ்டாப்பில்

பஸ்ஸுக்கு நின்றபோது என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கையை நீட்டி, "சார், அது வேலு விரல் இல்லை, இதுதான்" என்றேன். சார் என் விரலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். சயான் போகிற பஸ் ஒன்று வந்து நின்று போனது, நாங்கள் ஏறவில்லை. வேலை போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் அவர் கேட்டார்: "அவன் ஆத்துக்கு வழி தெரியுமா நோக்கு? போய் நீயே சொல்லு. நான் சொன்னா அது உன் வாயால வந்ததாகாது."

சனிக்கிழமை லீவு

வேலு நான்கு சந்து தள்ளி, பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் நின்றான். முகமெல்லாம் கருப்புத் தூள். மோட்டார் சத்தத்தில் ஒருமுறை சொன்னேன், கேட்கவில்லை. மோட்டாரை நிறுத்தினான். பட்டறை முழுக்க அமைதியானது, அத்தனை பேர் முன்னாலும் மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. எண்ணெய்க் குளியல் என்றதும் வேலு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க சந்துல குடிக்கவே தண்ணி இல்ல. நீங்க வாராவாரம் எண்ணெ தேச்சுக் குளிச்சியளோ?" என்றான். அடித்திருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

திரும்பி வா என்று கேட்டேன். அவன் கையைக் கழுவினான். கழுவ அங்கே இருந்தது அரை டப்பாத் தண்ணீர். பிறகு ரேகையில்லாத அந்தக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்: "வாரேன் அண்ணாச்சி. இனிமே கம்பி நான் கட்டுதேன், நீங்க தேயுங்க. சனிக்கிழமை உங்களுக்கு லீவு."

மூன்றாவது பெட்டி தேறியது, கொட்டகையும் பிழைத்தது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத வேலுவின் கைநாட்டு ஹாஜிரிப் புத்தகத்தில் கடைசிவரை வெறும் திட்டாகவே விழ, கையெழுத்துப் போடத் தெரிந்த என் கைநாட்டுதான் சுழி சுத்தமாகச் செம்பூர்க் கம்பெனியின் மேஜை இழுப்பறையில் இருந்தது.