மில்லாண்ட வா

பட்டப்பகலில் எங்கள் வீட்டில் மெழுகுவத்தி வாசனை அடிக்கும். தேவாலயத்து வாசனை என்று நினைத்துவிடாதீர்கள். தொப்பியில் களிமண் வைத்து ஒட்டிய மெழுகுவத்தி இராமுழுக்க உருகி, எங்கள் நைனாவின் நெற்றியிலும் தோளிலும் வழிந்து, வியர்வையோடும் ஈரக் கல்தூளோடும் உறைந்துபோன வாசனை. கோலார் தங்கவயலுக்கு மின்சார விளக்கு வராத, மகாராணி ஆண்ட காலம் அது. நைட்டு ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து ஏறி வந்த நைனா, கஞ்சியைக் குடித்துவிட்டுத் தட்டியோரம் படுத்தாரென்றால், பொழுது சாயும்வரை அந்த வாசனையும் வீட்டை விட்டுப் போகாது, எங்கள் வாயும் திறக்காது.

வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சுற்றிலும் மூங்கில் தட்டி, மேலே புல், உள்ளே ஒரே அறை. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பல் பறக்கும். அப்படி வரிசையாக நின்ற வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேர் இராவேலைக்காரர்கள். பகலில் தூக்கம் கெட்டு இராத்திரி உள்ளே இறங்கியவன் ஏணியில் ஒரு கணம் கண் அயர்ந்தால் கதை முடிந்தது. அப்படிப் போனவர் ஒருவரை லைன் முழுக்க அறியும். "தூங்கறவனை எழுப்பினா எமனை எழுப்பினா மாதிரி" என்பார்கள் பெரியவர்கள். ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்களான எங்கள் வீட்டில்கூட அந்த எமனுக்கு இடமிருந்தது. ஆகவே நான் பிள்ளைப் பிராயத்தில் அதிகம் கேட்ட சொல் என் பெயர் அல்ல, 'மெள்ள' என்பதுதான். மெள்ள என்றால் எங்களுக்குச் சத்தத்தைக் குறை என்று பொருளில்லை. வாயை மூடு, ஒருவர் உயிர் உன் கையில் இருக்கிறது என்று பொருள். உதட்டை மட்டும் அசைத்து மூச்சால் பேசிக்கொள்வோம். அதற்கு 'நைட்டுப் பேச்சு' என்று பெயர். பகலில் பேசுவதற்கு நைட்டுப் பேச்சு என்று பெயர் வைத்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

ஆனால் மனுஷப் பிறவி எத்தனை நாளைக்குச் சத்தம் போடாமல் இருக்கும்? அதற்கும் வழியிருந்தது. லைனுக்குக் கிழக்கே நல்ல தொலைவில், தங்கக் கல்லை இடித்து மாவாக்கும் 'மில்லு'. இரும்பு உலக்கைகள் ஓயாமல் இடிக்கும் அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வராத அந்நாளில், மில்லுக்குப் பின்னால் இருந்த கிணற்றில்தான் பெண்கள் தண்ணீர் சேந்துவார்கள். லைனில் மூண்ட சண்டையை யாரும் லைனில் தீர்த்துக்கொள்வதில்லை. "இன்னாத்துக்குடி இங்க மொணமொணக்கிற? தைரியமிருந்தா மில்லாண்ட வா!" என்று ஒருத்தி மூச்சால் சவால் விடுவாள், மற்றவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். அங்கே போய் இருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒருத்தி திட்டுவது மற்றவளுக்குப் பாதிகூடக் கேட்காது. அதனாலோ என்னவோ, திரும்பி வரும்போது இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள்.

என் தங்கை மார்த்தாளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நைனாவுக்குப் பகல் வேலை. எனவே அழவும் கத்தவும் எனக்குக் கொஞ்சகாலம் கிடைத்தது. அவள் பிறந்த பிறகு மேஸ்திரி அவரை நைட்டிலேயே போட்டுவிட்டார். தாய்ப்பாலோடு நைட்டுப் பேச்சைக் குடித்து வளர்ந்தவள் அவள். சிரித்தால்கூடத் தோள்தான் குலுங்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் ஞானமுத்து, வேலூரிலிருந்து புதிதாக வந்தவர். பேட்டையில் குடியிருந்தார், லைனுக்குள் காலடி வைத்ததில்லை. பாடத்தை எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். மார்த்தாள் எழுந்து நிற்பாள், உதடு அசையும், ஒன்றும் வராது. "வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்பார், பிரம்பு பேசும். முந்தைய வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். பரீட்சை வைக்கப் பள்ளிக்கூட 'இஸ்பெட்டர்' வரும்போது இம்முறையும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் அடிபட்ட பிள்ளைகள் போகிற இடம் எங்கள் ஊரில் ஒன்றுதான்: மேலே வந்த பாறைத் துண்டுகளைத் தரம்பிரிக்கும் கொட்டகை. 'கல்லு பொறுக்கப்' போன பிள்ளை மறுபடி சிலேட்டைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. அம்மாவும் மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டாள்: "படிப்பு ஏறலன்னா இன்னா பண்றது? கல்லுதான் அவ தலையில எழுதியிருக்குது."

எனக்கோ மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அவளுக்குப் படிப்பு ஏறியிருந்தது. தீப்பெட்டி மேலிருந்த எழுத்து, மளிகை மடித்து வந்த காகிதம், என் மூன்றாம் வகுப்புப் புத்தகம், எல்லாவற்றையும் என் காதில் வாயை வைத்துப் படிப்பாள். என் வலது காது எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். வாத்தியாரிடம் போய், "அவ வீட்ல நல்லா படிக்கறா சார்" என்றேன். "வீட்டில் புலி, வெளியில் எலியா?" என்றார். அவள் வீட்டிலும் எலிதான் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வாத்தியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். பரீட்சைவரை இழுப்பானேன், இப்போதே பிள்ளையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்தவர், வாசலில் நின்று வகுப்புக் குரலில், "அம்மா! வீட்ல யாரு?" என்றார். அவ்வளவுதான். அம்மா ஓடிவந்து வாயில் விரலை வைத்தாள், இரண்டு பக்கத்துத் தட்டிகளிலிருந்தும் "உஸ்ஸ்!" என்று சீறல் எழுந்தது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார் மனுஷர். உள்ளே நைனா புரண்டு படுத்தார்.

"மெள்ள, சார். நைட்டு ஷிப்டு" என்றாள் அம்மா, மூச்சால்.

வாத்தியாரும் மூச்சாலேயே சொல்ல ஆரம்பித்தார், பெண்ணுக்குப் படிப்பு வரவில்லை என்று. அதை நிரூபித்துக் காட்டத்தானோ என்னவோ, மடியிலிருந்த புத்தகத்தைப் பிரித்து மார்த்தாளிடம் நீட்டி, "எங்க, இதைப் படி" என்றார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் அவளுடைய பாஷையில் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் படித்தாள். ஒரு சொல் தட்டவில்லை. அவர் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்துக்கொண்டு, இன்னும் நடத்தாத பாடமாகப் பார்த்துப் பிரித்தார். அதையும் படித்தாள்.

"அடப்பாவமே!" என்று கத்திவிட்டார் வாத்தியார். மறுபடியும் இரண்டு பக்கமும் சீறல்.

"படிப்பெல்லாம் இருக்குதும்மா" என்றார், குரல் இறங்கி. "சத்தந்தான் இல்ல. அத்த நான் எங்கருந்து கொண்டாறது? இஸ்பெட்டரு காதைக் கொண்டாந்து வாயாண்ட வெப்பாரா?"

அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது போலிருந்தது. "சத்தந்தான சார்? அதுக்குன்னே ஒரு எடம் இருக்குதே" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மில்லாண்ட போனோம். வாத்தியார் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, படி என்று கையைக் காட்டினார். மார்த்தாள் உதட்டை அசைத்தாள். அவர் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார். மறுபடி அசைத்தாள், மறுபடி விரித்தார். இப்படியே நெடுநேரம். கடைசியில் அவளுக்கு ஆத்திரம் பொங்கி, புத்தகத்தைக் கீழே போட்டு, வாயைத் திறந்து 'ஓ'வென்று அழுதாள். என் தங்கை சத்தமாக அழுது நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கிணற்றடியில் சண்டைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் சண்டையை விட்டுவிட்டு வந்து, "கத்துடி கண்ணு, நல்லா கத்து! யாரும் எழுந்துக்க மாட்டாங்க" என்றார்கள். அழுகையோடு அழுகையாக அன்றைக்குப் பாடத்தின் முதல் வரி வெளியே வந்தது.

பிறகு தினமும் அதுவே வழக்கமாயிற்று. வாத்தியார் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளி நிற்பார். அவளைப் போலவே வாயடைத்துப் பின்பலகையில் மக்குகள் என்று உட்கார்ந்திருந்த லைன் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பிரம்பு எங்கே போனதென்று தெரியாது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இஸ்பெட்டர் குதிரையில் வந்தார். நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். மார்த்தாளின் முறை வந்தது. எழுந்தாள். அவளுக்குத் தெரிந்தது இரண்டே குரல்: ஒன்று நைட்டுக் குரல், மற்றது மில்லுக் குரல். "பசு சாதுவான பிராணி!" என்று மில்லுக் குரலில் அவள் போட்ட போட்டில், வெளியே கட்டியிருந்த குதிரை துள்ளியது, இஸ்பெட்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, சிரித்துக்கொண்டே, "மெள்ள அம்மா, மெள்ள!" என்றார்.

சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டார். மார்த்தாளின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. யார் தூங்குகிறார்கள் என்று அவள் கண் அறை முழுக்கத் தேடியது. உதடு அசைந்தது, குரல் இல்லை. "என்ன, மேலே தெரியாதா?" என்றபடி இஸ்பெட்டர் பென்சிலை எடுத்தார். கல் கொட்டகையின் தூசி அப்போதே என் மூக்கில் ஏறியது போலிருந்தது.

அப்போது பின்னால் சுவரோரம் நின்ற வாத்தியார், மேலதிகாரி முன்னால் பேசக்கூடாது என்பதையும் மறந்து, கிணற்றடிப் பெண்களைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏய் மார்த்தா! தைரியமிருந்தா மில்லாண்ட வா!" என்றார்.

இஸ்பெட்டருக்கு ஒரு மண்ணும் புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது. பசு தரும் பால் முதல் அதன் சாணம்வரை ஒன்று விடாமல், கூரை அதிரப் படித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிய நைனாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாரும் கேட்டாங்க, நான் கேக்க வாணாமா? எனக்கு ஒரு தபா படி" என்றார். அவள் படித்தாள். சண்டை என்று நினைத்து லைனே கூடிவிட்டது. அதற்குப் பிறகு பொழுது சாய்ந்ததும் அவரை எழுப்புவது அவள் வேலையாயிற்று. தலைமாட்டில் நின்று ஒரு பாடம் படிப்பாள், அவர் எழுந்து உட்காருவார்.

இன்று தட்டி வீடுகள் இல்லை, மெழுகுவத்தியும் போயிற்று. செங்கல் சுவருக்குள் குடியிருக்கிற பிள்ளைகள் பட்டப்பகலில் கூச்சலிட்டு ஓடுகிறார்கள்; மில்லாண்ட வா என்றால் எதற்கு என்று கேட்பார்கள். மார்த்தாள் ஆண்டர்சன்பேட்டையில் வாத்தியாரம்மா. அவள் பாடம் நடத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நைட்டுப் பேச்சை நான் கடைசியாகக் கேட்டது நைனா போன அன்றைக்குத்தான். சுரங்கம் அவரை உள்ளே கொல்லவில்லை. நெஞ்சில் சேர்த்த தூசியால் வீட்டில் வைத்து மெதுவாகக் கொன்றது. நாங்கள் மாரடித்துக் கதறிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து மார்த்தாள் ஓடிவந்தாள். வாசலில் நின்று, படுத்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்து, மூச்சால் சொன்னாள்:

"மெள்ள அழுங்க. நைனா தூங்கறாரு."