உப்பில்லாத கடலை வெண்ணெயும் என் அம்மாவின் வாயும்

நான் பிழைக்க வந்திருக்கும் இந்த அமெரிக்க ஊரில் வெண்ணெய் என்று ஒன்றைத் தருகிறார்கள். அதற்கும் பாலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வேர்க்கடலையை வறுத்து, விழுதாக அரைத்து, புட்டியில் அடைத்து, பீநட் பட்டர் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். வந்த புதிதில் அடுத்த வீட்டு ஹெலன் அம்மையார் அப்படி ஒரு புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே, வேர்க்கடலை மண்ணுக்கடியில் விளைகிறது என்ற ரகசியத்தையும் சொன்னார். உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரனிடம்! அங்கே அதை மல்லாட்டை என்போம். நான் நடக்கப் பழகியதே மல்லாட்டைக் கொல்லையில்தான். ஆனாலும் மரியாதைக்கு, "அப்படியா!" என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டேன்.

அவர் கணவருக்கு ரத்தக் கொதிப்பு. உப்பு கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் அந்த வீட்டில் உப்புப் போடாத வகைதான். மேலே மிதக்கும் எண்ணெயைக் கொட்டிவிடாமல் அடிவரை கிளறவேண்டுமாம். புரதம் இருக்கிறதாம், காலையில் இரண்டு கரண்டி தின்றால் மத்தியானம்வரை பசி தாங்குமாம். எல்லாம் சரிதான். ஆனால் இத்தனை சத்தையும் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது ரொட்டியில் தடவுவது ஒன்றுதான். ரொம்பவும் துணிச்சல் வந்தால் செலரி என்ற தண்டின் குழிவில் பூசி, மேலே உலர்ந்த திராட்சையை ஒட்டுவார்கள். எனக்கோ அது, யாரோ வறுத்து அரைத்துத் தயாராக வைத்த குழம்பு மசாலா. கத்தரிக்காயை வதக்கி, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்து, இதில் ஒரு கரண்டி கரைத்து விட்டேன். கடையில் விற்கும் மற்ற வகையில் சர்க்கரையும் உப்பும் கலந்திருக்கும். அதில் குழம்பு வைத்தால் லேகியம்தான் கிடைக்கும்.

"உன் அம்மாவும் கடலை சாப்பிடுவாரா?" என்று ஒருநாள் ஹெலன் கேட்டார்.

"அம்மா வாழ்நாள் முழுக்கக் கடலையோடுதான் இருக்கிறார். ஆனால் அடிக்கடி மயங்கி விழுகிறார்" என்றேன்.

அவர் முகம் கவலையில் சுருங்கியது. "அளவு மிஞ்சியிருக்கும். கொழுப்பு அதிகம், குறைக்கச் சொல்."

குறைப்பதற்கு அம்மா ஒரு பருப்புகூடத் தின்றதில்லை என்பதை இந்த அம்மையாருக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

எங்கள் ஊர்ப் பண்ணையில், விதைப்புக்கு முன் மல்லாட்டை உடைக்கப் பெண்களைக் கொட்டகையில் வரிசையாக உட்கார வைப்பார்கள். பருப்பு வாய்க்குப் போய்விடக் கூடாது. அதற்காகப் பண்ணைக் காரியக்காரர் ஒரு வழி வைத்திருந்தார். திடீரென்று ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட மாத்திரத்தில் "இன்னா சாமி?" என்று குரல் வரவேண்டும். தாமதமானால் "தொற வாய" என்பார். சாயங்காலம் எல்லாரும் அவர் எதிரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். துப்பிய தண்ணீரை அவர் குனிந்து பார்ப்பார். எண்ணெய் எடுத்த புண்ணாக்கு பண்ணை மாடுகளுக்கு. அவற்றின் வாயை யாரும் திறந்து பார்த்ததில்லை. சத்தைப் பற்றி ஹெலன் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த மாடுகளின் பளபளப்பான முதுகுதான் ஞாபகம் வரும்.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது அம்மா பாதியாகியிருந்தாள். கவர்ன்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்கும் பிரஷர் என்று உப்பை நிறுத்தியிருந்தார். உப்பில்லாத கூழ் இறங்காமல் பட்டினி கிடந்துகொண்டே கொட்டகைக்குப் போய்வந்தாள். நான் அனுப்பும் பணம் இருக்கிறதே, வேலையை விடேன் என்றால், "சும்மா குந்திகினு இருந்தா கை காலு வுளுந்துடும்டா" என்றாள். இப்படியே போனால் அடுத்த முறை அவளைப் பார்க்க முடியாதென்று பயமாக இருந்தது. பெட்டியிலிருந்து உப்பில்லாத புட்டியை எடுத்தேன்.

"இன்னாடா இது, சாணி மாரி கீது?"

கேழ்வரகுக் கூழில் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். குடித்தாள். முருங்கைக்கீரையில் புரட்டிக் கொடுத்தேன். தின்றாள். மூன்றாம் நாள் தானே ஒரு கரண்டி வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஹெலனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அப்போது வாசலில் காரியக்காரர் குரல்: "ஏய் கன்னிம்மா!"

அமெரிக்காவில் இருந்து வந்தவனைப் பார்க்க வந்திருந்தார். வாயிலிருந்த விழுதில் அம்மாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பதில் வரவில்லை. ஓடிப்போய், அவர் கேட்காமலே, வாயைத் திறந்து காட்டினாள்.

"இன்னாடி இது? பண்ணைக் கொட்டையா?"

"அமெரிக்காக் கொட்டை. ரசீது காட்டட்டுமா?" என்றேன்.

"சேச்சே, தமாசுக்குக் கேட்டேன் தம்பி" என்றவர், புட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "இன்னா, உப்பே இல்ல!" என்று குறை வேறு சொன்னார். அதற்குள் அம்மா அவர் எதிரிலேயே வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நம்ம வூட்ல நாம துன்றதுக்கு ஏம்மா துப்புற?" என்றேன், அவர் போன பிறகு.

அம்மா புட்டியை மூடிப் பரணில் வைத்தாள். அதன்பின் அதைத் தொடவில்லை; மறுபடியும் அரைப் பட்டினி. புரதம், பசி தாங்கும் என்று நான் ஹெலனாகவே மாறிப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான் புறப்பட்ட அன்று அவள் கொட்டகையிலிருந்து நேரே பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள், மடி கனக்க.

"புட்டி காலிடா. காலீல எடுத்துகினு போய் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி குட்த்துட்டேன். அவுரு கூப்ட்டாரு. ஒருத்திக்கும் கொரல் வரல. ஒட்டிகினு கீதே! கிட்ட வந்து ஒவ்வொருத்தி வாயா பாத்தாரு. எல்லாம் ஒரே சேறு. அதுல அமெரிக்காது எது, பண்ணையது எதுன்னு எப்டி கண்டுபுடிப்பாரு?"

"அப்ப பண்ணையதும் தின்னீங்களா?"

"வயிறு நெறைய" என்றாள். "நாளைக்கு வேல குட்த்தா குடுக்கட்டும், இல்லாங்காட்டி போவட்டும். நீ போய் இன்னும் ரெண்டு புட்டி அனுப்பு. உப்பு இல்லாததே அனுப்பு."

மடியிலிருந்த பருப்பை அள்ளி என் வாயில் திணித்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க போவணும் சார்?" என்றார் கண்டக்டர்.

வாய் நிறையப் பண்ணை மல்லாட்டை. ஜன்னலுக்கு வெளியே அம்மாவும் எதையோ மென்றுகொண்டிருந்தாள். கண்டக்டர் மறுபடி கேட்டார். நான் பதில் சொல்லாமல் மென்றுகொண்டே இருந்தேன்.