டீச்சருக்கு வந்த அரிப்பு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவிக்கடையும் ஒரு தையல் மெஷினும் ஒரே ஷட்டருக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும் கடையில் அவளை எல்லோரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேன்ட், பை, கோட்டு, கூடாரம் என்று ஜிப் போன எதைக் கொண்டுவந்தாலும் கையில் வாங்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். தேறும் என்றால் உட்காரச் சொல்லுவாள். தேறாது என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவாள். யாரையும் நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று இழுத்தடித்ததில்லை.

அவள் கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டை விட்டுப் போனான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "என் மனசு இப்ப வேற இடத்துல இருக்கு. இனிமே மறைக்க முடியாது" என்றான். அவள், "குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். நண்பனின் வேன் வந்து நின்றது. அவன் துணிமணி, கருவிப் பெட்டி, ஒரு பிரம்பு நாற்காலி எல்லாம் ஏறின. வேன் திரும்பும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே போய், ஊறவைத்திருந்த துணியைத் துவைத்தாள்.

அவள் எப்போது அழுவாள் என்று சுற்றி இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை தினமும் போனில், "மனசு விட்டு அழுதுடுக்கா, அழுதாத்தான் ஆறும்" என்றாள். அவளும் முயன்று பார்க்காமல் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்று பார்த்தாள். வாளி நிறைந்ததுதான் மிச்சம். கால் மரத்துப்போனால்கூடக் கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், ஜிப் மாற்றினாள்.

வீட்டில் அவளோடு மிஞ்சியிருந்தது டீச்சர் மட்டும்தான். டீச்சர் ஒரு பழுப்பு நிறக் கோழி. வெளியூர் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கும் மகள் வைத்த பெயர். தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துக்கொண்டு, பரீட்சை அறைக்குள் நடப்பதுபோல் நடக்கும். பின்வாசலில் அதற்கென்று கணவன் ஒரு பழைய அலமாரியைப் பிரித்துக் கூண்டு செய்து வைத்திருந்தான்.

டீச்சருக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்பது அவள் கண்ணில் தாமதமாகத்தான் பட்டது. நடந்துகொண்டே இருக்கும், சட்டென்று நின்று இறக்கைக்குள் அலகை விட்டுக் கொத்து கொத்தென்று கொத்திக்கொள்ளும். வால் பக்கம் இறகு உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. கொண்டை வெளுத்திருந்தது. சாயங்காலம் ஆனால் தானாகக் கூண்டுக்குள் போய் அடைகிற கோழி, இப்போது மதில்மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அக்கா, கையில என்னக்கா?" என்று சாவிக்கடைக்காரர்தான் ஒருநாள் கேட்டார். குனிந்து பார்த்தாள். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தடிப்புகள். சில இடங்களில் சொரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. எப்போது சொரிந்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை.

"வீட்டுக் கோழியும் இப்படித்தான் சொரிஞ்சுக்கிட்டு இருக்கு."

"அப்போ செள்ளுதான். கோழிப்பேனுக்கா! மண்ணெண்ணெயைத் தொட்டுக் கோழிக்கு ஒரு தடவு தடவுங்க. அன்னைக்கே ஓடிடும்."

"எது ஓடும்? கோழியா?"

சாவிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பெரிய ஜிப் பையில் டீச்சரை உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிற அளவுக்கு மூடி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா இறகை விலக்கி விலக்கிப் பார்த்தார். தோல் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது. பூச்சி மட்டும் ஒன்றும் அகப்படவில்லை.

"பகல்ல கோழி மேல தேடினா கிடைக்காதுங்க. மரச்சந்துல போய் ஒளிஞ்சுக்கும். இருட்டினதும் வந்து ரத்தத்தைக் குடிச்சிட்டு மறுபடி சந்துக்குள்ள போயிடும். கூண்டுல கோழி உட்காருற கட்டையோட அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. சிவப்பா இழுத்துச்சுன்னா அதேதான்."

"மண்ணெண்ணெய் தடவச் சொன்னாங்க."

"ஐயையோ, தோலைப் பொசுக்கிடும். தொடவே தொடாதீங்க." டாக்டரம்மா கழுத்துக்குப் பின்னால் இறகை ஒதுக்கி, தோல்மேல் சொட்டு மருந்து விட்டார். கூண்டுக்குத் தூவ ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். "கோழியைக் குணப்படுத்திட்டு அதே கூண்டுல விட்டீங்கன்னா எல்லாம் வீண். அடுத்த வாரம் மறுபடி கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் போடுற முட்டையைச் சாப்பிடாதீங்க. உங்க கைக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க. வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?"

"வேற யாரும் இல்லை" என்றாள். வேறொரு வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

கோட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணியில் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டு ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து, கட்டையின் அடியில் அழுத்தித் துடைத்தாள். துரு பிடித்த ஆணியைத் தேய்த்ததுபோல் சிவப்பாக இழுத்தது. பலகைகள் சேருமிடத்தில் கத்தரிக்கோல் முனையை விட்டு நெம்பினாள். சாம்பல் தூளைப்போல என்னவோ உதிர்ந்தது. உதிர்ந்த தூள் நகர்ந்தது.

வெந்நீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கொஞ்ச நேரம் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் நல்ல வேலைக்காரன். பலகைக்குப் பலகை பள்ளம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி இறுக்கியிருந்தான். எத்தனை சந்து இருக்கிறதோ அத்தனையிலும் குடும்பம் குடும்பமாக இருக்கும். இது தேறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுத்தியலை எடுத்து உடைத்து, பின்வாசல் மூலையில் குவித்துக் கொளுத்தினாள். இதைப் பார்த்தாவது நெஞ்சில் ஏதாவது அசையும் என்று நின்றாள். புகை கண்ணில் எரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புகையால்தான்.

டீச்சர் அன்றிலிருந்து சமையலறையில், செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் கூடையில் படுத்தது.

அந்த வாரக் கடைசியில் கணவன் வந்தான். வாசலில் நின்றுகொண்டே கழுத்தைச் சொரிந்தான், பிறகு விலாவைச் சொரிந்தான்.

"என்ன வேணும்?"

"மழைக் கோட்டை விட்டுட்டுப் போயிட்டேன்." குரல் இறங்கியது. "அங்க ரெண்டு பேருக்கும் உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரியானா தாங்க முடியல. தோல் டாக்டர் அலர்ஜின்னு சொல்லிட்டார். சோப்பை மாத்தியாச்சு, எண்ணெயை மாத்தியாச்சு. என்னாலதான் வந்துச்சுன்னு அவ பேசவே மாட்டேங்கிறா."

அவள் அவன் கழுத்திலிருந்த தடிப்பைப் பார்த்தாள். தன் கையிலிருந்த அதே தடிப்பு.

"பிரம்பு நாற்காலியை எங்க போட்டிருக்கீங்க?"

"கட்டிலுக்குப் பக்கத்துல. ஏன்?"

"அது இங்க கூண்டை ஒட்டித்தான கிடந்துச்சு. டீச்சர் பாதி நாள் அதுலதான் உட்கார்ந்திருப்பா. கோழிச்செள்ளு. பிரம்புச் சந்துல ஏறி உங்ககூட வந்திருக்கு."

அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்தான். அவளுக்கு வரவில்லை. மறுநாள் சாவிக்கடைக்காரரிடம் சொன்னபோது அவர் அவளுக்கும் சேர்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கூண்டு எங்க?" என்றான், பின்வாசலை எட்டிப் பார்த்து.

"எரிச்சிட்டேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். நடுவில் சொரிந்துகொண்டான். வாடிக்கையாளர் பையிலிருந்து சாமான்களை எடுத்து முடிக்கும் வரை காத்திருப்பதைப்போல, அவள் நின்றுகொண்டிருந்தாள். அழுகை ஓய்ந்ததும் உள்ளே போய் மழைக் கோட்டையும் மீதியிருந்த பொடியையும் கொண்டுவந்தாள்.

"நாற்காலியை வெளிய போட்டு, கொதிக்கிற தண்ணியை ஊத்திக் காயவிடுங்க. அப்புறம் பொடியைத் தூவுங்க. மூக்கைக் கட்டிக்கிட்டுத் தூவணும். ஒரு தடவை போட்டா போதாது, முட்டை பொரிச்சு மறுபடி கிளம்பும். மெத்தையையும் வெயில்ல போடச் சொல்லுங்க."

அவன் பொடியை வாங்கிக்கொண்டான். "உனக்கு என் மேல கோபமே இல்லையா?"

மரியாதைக்காக இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். "தெரியல. வந்தா சொல்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் டீச்சருக்கு இரண்டாம் முறை மருந்து விட்டார்கள். கொத்திக்கொள்வது குறைந்தது, நின்றது. வால் பக்கத்தில் ஊசிமுனை போல முளை விட்டு இறகு வந்தது. கொண்டையில் ரத்தம் ஊறிச் சிவந்தது. அவள் கையிலும் தடிப்பு மறைந்தது. கழுவித் துடைக்க வசதியாக, சந்து பொந்து இல்லாத இரும்புக் கூண்டு ஒன்று பின்வாசலுக்கு வந்தது.

விடுமுறைக்கு மகள் வந்தாள். பையை இறக்கி வைத்ததும் நேராகப் பின்வாசலுக்குப் போய்க் கோழியைத் தூக்கிக்கொண்டாள். இறகை விலக்கி, படிக்கிற பிள்ளைக்கே உரிய கவனத்தோடு தோலைப் பார்த்தாள். "நல்லா ஆறிடுச்சும்மா" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, டீச்சரின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா ஏம்மா போனாரு?" என்று அழ ஆரம்பித்தாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முதுகில் கையை வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு குலுங்கியது. டீச்சர் நசுங்கிக்கொண்டு திமிறியது. அவள் கோழியை மட்டும் வாங்கிக் கீழே விட்டுவிட்டு, கையைத் திரும்பவும் மகளின் முதுகிலேயே வைத்துக்கொண்டாள்.