களாச்செடிக்குக் கட்டிய காப்பு

மருதாசலத்துக்கு முட்டி தேய்ந்து மூணு வருஷம் ஆச்சு. அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒரு முள்ளுச்செடிக்குத் தினமும் குடத்தில் தண்ணி சுமக்கிற ஆளை என்னவென்று சொல்ல? “காட்டுச்செடிக்குத் தண்ணியே வேண்டாமுங்க. உங்க மனசுக்குத்தான் ஊத்தறீங்க” என்பாள் பெண்டாட்டி மாரியாத்தாள். உண்மைதான்.

காரமடைப் பக்கம் காட்டை அழித்து வீட்டுமனை சைட் போட்ட இடத்தில் அவர் வாட்ச்மேன். அந்தக் காட்டு வேலியை நாலு வருஷத்துக்கு முன்னால் கூலிக்கு வெட்டியவரும் அவரேதான். வெட்டின களாப்புதரில் கொண்டைக்குருவிக் கூடு இருந்ததை, குஞ்சுகள் கீழே விழுந்த பிறகுதான் பார்த்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சிந்திக் கிடந்த பழத்தின் விதையை எடுத்து, பார்க்குக்கு விட்டிருந்த மூலையில் ஊன்றினார். குருவிகளுக்கு ஒரு வாய்ப் பழமாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் மாரியாத்தாள் வழக்கம்போல வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ சேர்த்து, கெட்டது அண்டாமல் இருக்கக் காப்புக் கட்டக் கொடுத்தாள். வாட்ச்மேன் ஷெட்டுக் கூரையில் செருகியது போக மிஞ்சியதைச் செடியில் கட்டினார். பொங்கல் கழிந்ததும் முதலாளி ரங்கராஜ், இடத்தைச் சுத்தம் பண்ண ஜேசிபி அனுப்பினார். செடிகிட்ட வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தினான்.

“ஏனுங்க, காப்புக் கட்டியிருக்குது. சாமிங்களா?”

“ஆமாங்க.”

பாவி மனுசன், சொல்லிப்போட்டார். வண்டி சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சேதி பரவாமல் இருக்குமா? அங்கே வீடு கட்டிக் குடிவந்திருந்த அம்புஜம் பங்குனியில் செடியடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார். வைகாசியில் கம்பிவேலி, டைல்ஸ், பூட்டு எல்லாம் வந்தது. ஆனியில் ஸ்பீக்கரும் வந்தது.

ஆடியில் செடி முதல் தடவையாகக் கறுகறுவென்று பழுத்தது. ரெண்டு கொண்டைக்குருவிகள் கரண்ட் கம்பியில் வந்து உட்கார்ந்தன. ஸ்பீக்கர் அலறியதும் பறந்துவிட்டன. வெள்ளிக்கிழமை பெண்கள் அத்தனை பழத்தையும் பிரசாதம் என்று பறித்தார்கள்.

மனுசனுக்குத் தாங்கவில்லை. “அம்மா, இது சாமியில்லீங்க. குருவிக்கு வச்ச செடிங்க. அன்னிக்கு நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க.”

அம்புஜம் கோபப்படவில்லை. “சாமி இப்படித்தான் சோதிக்கும், மருதாசலம். கொஞ்சம் தள்ளி நின்னு வாங்கிக்குங்க” என்று, வேலிக்கு வெளியே நின்றவர் கையில் நாலு பழத்தை மேலேயிருந்து போட்டார்.

அவர் தின்னவில்லை. சுடுகாட்டுக்குப் பின்னால் ஆள் போகாத மேட்டுக்கு நடந்தார். முட்டி மடங்க மறுத்தது. மண்ணில் சப்பணமிட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, பழத்தைப் பிதுக்கி விதைகளை ஊன்றினார். பழுக்க இன்னும் நாலு வருஷம். எழுந்திரிக்கவே அரைமணி நேரம் ஆச்சு.

அடுத்த பொங்கலும் வந்தது. “மேட்டுச் செடிக்கும் ஒரு காப்புக் கட்டட்டுங்களா?” என்றாள் மாரியாத்தாள்.

“வேண்டாம். ஊட்டுக்கு மட்டும் கட்டு” என்றார்.