கேலரிக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டு

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். திண்டுக்கல்லில் எங்கள் ஏரியா திருவிழாத் திடல். மாரியம்மன் பூப்பல்லக்கு வருகிற நேரம். கேலரி முழுக்க ஜனம்.

நான் கேலரிக்கு அடியில் நின்றேன். ஒரு கண்ணாடித் துண்டையே பார்த்துக்கொண்டு.

ஏன்? சொல்கிறேன்.

அங்கே முதலில் வெறும் மண்மேடுதான். பிறகு கல்படி போட்டார்கள். அப்புறம் தூண் எழுப்பி ஏழு வரிசை கான்கிரீட் கேலரி. சாமி ஊர்வலம், மாதா கோயில் நாடகம், ஸ்கூல் ஸ்போர்ட்ஸ், கட்சி மீட்டிங் — எல்லாம் அங்கேதான். கூட்டம் பெருகியது. மேலே நாலு வரிசை ஏற்றினார்கள். அஸ்திவாரம் மட்டும் அதே ஏழு வரிசைக்குப் போட்டது.

ஏற்றிய கொத்தனார்களில் நானும் ஒருவன். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. கூலிக்குப் போனவன் என்ன கேட்பது?

போன மாதம் முன்தூணில் விரிசல் கண்டேன். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்ட் வைத்து ஒட்டினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் பார்ப்போம். கண்ணாடி முழுசாக இருந்தால் பயமில்லை. உடைந்தால்... தூண் அசைகிறது.

கமிட்டித் தலைவரிடம் சொன்னேன்.

"திருவிழா முடியட்டும்ப்பா, பூசி விட்ருவோம்" என்றார்.

பல்லக்கு எப்போதும் கேலரி முன்னால் நிற்கும். பெண்கள் முன்வரிசைக்கு இறங்கி வந்து, கூடை கூடையாகப் பூக் கொட்டுவார்கள். மொத்த பாரமும் அந்த முன்தூண் மேல். மேலே என் மனைவியும் கூடையோடு இருந்தாள்.

கொட்டுச் சத்தம் கேட்டது. மேலே எல்லோரும் எழுந்தார்கள். கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

கத்தலாமா? "இடியுது" என்று ஒரு வார்த்தை போதும். தூண் விழுவதற்கு முன்னால் மிதிபட்டே செத்துப்போவார்கள்.

பல்லக்கை நோக்கி ஓடினேன். முன்தண்டு சுமந்தவர் முத்தையா அண்ணன்.

"அண்ணே, இங்க நிக்காதீக. மெதுவா அந்த வேப்பமரத்துப் பக்கம் திருப்புங்க."

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா? வருசா வருசம் நிக்கிற எடம்டா. பூ வாங்காமத் திரும்புனா ஊர்க்காரய்ங்க என்னைய உரிச்சுருவாய்ங்க."

"தூணு தாங்காதுண்ணே. மேல எம் பொண்டாட்டி இருக்கா."

"நெசமாவா?"

"நான் கட்டுனதுண்ணே."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தோள் மாற்றினார். "திருப்புங்கடா... பைய, பைய!"

மேலே கூச்சல். திட்டு. அப்புறம் சாமி போகிற பக்கம் ஜனமும் இறங்கியது. வரிசை வரிசையாக.

கடைசி ஆள் இறங்கினதும் மனைவி வந்தாள். "நீங்கதேன் திருப்பச் சொன்னீகளாம்ல? ஆத்தா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்புது. நல்லாவா இருக்கு?"

தலைவர் வந்தார். "கேலரி நிக்குதுல்லப்பா? இம்புட்டுக் கூட்டத்தையும் கலச்சுவிட்டியே!"

நிற்கிறதுதான். விழாத கேலரிக்கு, கோடு விழுந்த ஒரு கண்ணாடித் துண்டைத் தவிர நான் என்ன சாட்சி காட்டுவேன்?

மறுநாள் காலையில் கருவேல முள் வெட்டிக்கொண்டு போய், யாரும் ஏறாதபடி கேலரிப் படிகளை அடைத்தேன். அதற்கும் திட்டு.

இந்த வாரம் முழுக்க டீக்கடையில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம். இருக்கட்டும். கோபப்படுகிறவர்களில் ஒரு ஆள் குறையவில்லை.