முன்னேற்பாடாக ஒரு சேலை

ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் ‘முன்னேற்பாடு’ என்று கரும்பலகையில் எழுதினார். வரப்போகும் காரியத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே தயார் செய்து வைப்பது என்று பொருள் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார். எல்லோரும் மழைக்கு முன் கூரை வேய்ந்தார்கள். தாடிக்கொம்புத் திருவிழாவுக்கு வண்டி கட்டினார்கள். வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்கியிருந்த நான் அப்படி எழுதுவேனா? ‘என் அம்மா அத்தைக்கு முன்னேற்பாடாகப் புதுச்சேலை வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார்’ என்று எழுதினேன். வாத்தியார் பெரிதாக ‘சரி’ போட்டுக் கொடுத்தார்.

அத்தை அப்பாவின் அக்கா. வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டவர். நோய் முற்றி, அங்கே பார்க்க ஆளில்லாமல் எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் அனுப்புவார்கள். உடன்பிறந்தவன் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கடைக்கு ஓட முடியாதென்று அம்மா திண்டுக்கல்லில் வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்ததை நான் பார்த்துவிட்டேன். அத்தைக்குத்தான், வாயைத் திறக்காதே என்றார். அத்தை எழுந்து நடமாடியதும் கட்டிக்கொள்வதற்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அந்த வாக்கியத்தை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சொல்லின் பொருளையும் வாத்தியார் மாதிரியே விளக்கினேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.

அத்தை என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, “கரை எம்புட்டு அகலம்?” என்று கேட்டார். விரல்களை விரித்துக் காட்டினேன்.

“எப்பக் கட்டிக்கிருவீங்க அத்தை?”

“உங்கப்பன் எடுத்துக் குடுக்குற அன்னிக்கு, தாயி.”

அத்தோடு விட்டேனா? மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். அத்தை ஆசைப்படுகிறார், அந்தப் புதுச்சேலையைச் சீக்கிரம் எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நாளைக்கே கொடுத்தால் என்ன என்றும் கேட்டேன். அந்தக் கெஞ்சலை நினைத்தால் இன்றும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். வாய்க்கால் உடைந்து பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் போனதை அவர் கவனிக்கவில்லை.

“குடுக்க மாட்டேன், போ,” என்றார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

அதையும் அத்தையிடம் வந்து அப்படியே ஒப்பித்தேன். “அப்படியா சொன்னான்?” என்று கேட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை சொன்னபோது கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அன்றைக்குக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

ஒரு சேலையைக் கொடுக்க மனசு வராத தம்பியை நினைத்து இவர் ஏன் இத்தனை சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.